மணமாகாத துணையும் வாழும் உரிமையும்

கேள்வி: விசா முடிந்தும் தங்கிவிட்ட ஒருவர், ஐரோப்பிய ஒன்றியக் குடிமகளின் மணமாகாத துணை என்பதாலேயே அங்கு வாழும் உரிமை பெறுவாரா?

பதில்: காதலுக்குக் கண் இல்லை என்பர்; சட்டத்துக்கோ சான்றே கண். குடிமகள் தம் நாடல்லாத வேறோர் உறுப்பு நாட்டில் வாழும்போது பொருந்தும் 2004ஆம் ஆண்டு நெறியாணை, அதாவது உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய பொது விதி, மணத்துணைக்குத் தரும் உரிமையை மணமாகாத துணைக்கு நேரடியாகத் தராமல், உறவு நீடித்தது என மெய்ப்பிக்கப்பட்டால் அவரது வசிப்பை எளிதாக்குமாறும், சூழலை விரிவாக ஆராய்ந்து, மறுத்தால் காரணம் கூறுமாறும் அரசைப் பணிக்கிறது. முன்பு சட்டப்படி தங்கியிராமை மணத்துணைக்குத் தடையன்று என ஐரோப்பிய நீதிமன்றம் மெட்டாக் வழக்கில் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு மணமாகாதவரை அவ்வாறே சென்றடையாதது வருந்தத்தக்கது, ஏனெனில் பல்லாண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோரின் வாடகை ஒப்பந்தமும் கூட்டு வங்கிக் கணக்கும் மணச்சான்றிதழுக்கு இளைத்த சாட்சிகள் அல்ல.