அன்னாசிச் சட்டைக்காரனுக்குத் தாத்தாவின் யோசனை

பேராண்டி, சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு ‘வருங்காலத் துணி’ விக்கப் போறியாமே! உங்கப்பன் தலையில கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். எனக்கு சந்தோசம்தான். நம்ம வம்சத்துல சட்டையைக் கிழிச்சவன் உண்டு, சட்டையை வித்தவன் இதுவரைக்கும் கிடையாது. தாராளமா தொடங்கு. அதுக்கு முன்னால, கித்தா காட்டுல ரப்பர்ப் பால் வெட்டிக் கிழவனானவன் சொல்ற ரெண்டு வார்த்தையைக் காதுல போட்டுக்க. அதும்படி நடக்கணும்னு கட்டாயமில்லே. நீங்க எப்ப நடந்தீங்க?

மொதல்ல பேர் வை. தமிழ்ல வைக்காதே, நம்மாளுங்களே வாங்க மாட்டாங்க. வாயில நுழையாத பேரா, எல்லாம் சின்ன எழுத்துல வர்ற மாதிரி வை. விலைச்சீட்டைப் பழுப்புக் காகிதத்துல அடிச்சு, சணல் கயித்துல கட்டித் தொங்க விடு. பாசார் மாலாம்ல இருபது வெள்ளிக்குப் பேரம் பேசறவன், சணல் கயித்தைப் பார்த்துட்டா இருநூறு வெள்ளியை மறுபேச்சில்லாம எடுத்து வெப்பான்.

அடுத்தது, சட்டைக்குப் புத்தி வேணும்பே. 2017-ல லெவைஸும் கூகுளும் கூட்டு சேர்ந்து ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட் போட்டாங்க. 350 டாலர். இடது கைப்பட்டியில மின்சாரம் போற நூலை ஊடு கொடுத்து நெய்திருந்தாங்க. அந்த இடத்தைத் தடவினா பாட்டு மாறும், போன் பேசும், போற வழியைச் சொல்லும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பத்து சலவைக்கு மேல அந்தப் புத்தி தாங்காதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. நம்ம சீதோஷ்ணத்துல பத்து சலவைன்னா பத்து நாளுடா! அப்புறம் 2023-ல அதை ஓட்டுற செயலியையும் மூடிட்டாங்க. இப்போ ஜாக்கெட்டைத் தடவினா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க பாட்டி என்னைத் தட்டி எழுப்பற கதைதான். ஆள் கிடப்பேன், பதில் வராது.

நாத்தம் வராத துணின்னு இன்னொண்ணு. காலுறையில நுண்ணிய வெள்ளித்துகளைக் கலந்தா கிருமி செத்துடுமாம். 2008-ல அமெரிக்காவுல அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க அந்த மாதிரிக் காலுறைகளை வாங்கித் தண்ணியில அலசிப் பார்த்தாங்க. சிலதுல நாலஞ்சு அலசலுக்குள்ள வெள்ளி பூராவும் தண்ணியோட போயிடுச்சு. அவன் வெள்ளியும் போச்சு, உன் வெள்ளியும் போச்சு.

நீ போன தீபாவளிக்கு எனக்கு வாங்கிட்டு வந்தியே, குளுகுளு பனியன், அதைப் பத்தியும் சொல்லிடறேன். பருத்தி தன் எடையில நூத்துக்கு எட்டு பங்கு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட இழுக்காது. அதனால 1986-ல டூபாண்ட் கம்பெனி ‘கூல்மேக்ஸ்’னு ஒண்ணு கொண்டு வந்தது. நூலிழையிலேயே வாய்க்கால் வெட்டி விட்டாங்க. வேர்வை அந்த வாய்க்கால் வழியா வெளிப்பக்கம் ஓடி வந்து காயும், உடம்பு குளுகுளுன்னு இருக்கும். சரிதான், ஆனா காய வைக்க வேண்டியவன் யாரு? காத்து. குளுவாங்ல மழை பெஞ்சு ஓஞ்ச மத்தியானம், காத்தே நனைஞ்சு போய் நிக்கிறப்போ, அது உன் வேர்வையை எங்கே வாங்கும்? ஏர்கண்டிசன் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பனியன் பிரமாதமா வேலை செய்யுது. அவனுக்குத்தான் வேர்க்கறதே இல்லையே! ஓடறவன், சைக்கிள் மிதிக்கிறவனுக்குச் சரியா வரும், அவன் மேல காத்து அடிக்கும்.

சைக்கிள்னதும் ஞாபகம் வருது. பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துல 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க விட்டு, சட்டையைக் கழட்டி வாங்கிப் பையில போட்டு மூடி வெச்சு, அப்புறமா மோந்து பார்க்கத் தனியா ஆள் போட்டாங்க. 2014-ல முடிவைச் சொன்னாங்க: பருத்தியை விட பாலியெஸ்டர்தான் நாறுது. நாத்தம் கிளப்புற கிருமி அதுலதான் நல்லா பெருகுதாம். இதைக் கண்டுபிடிக்கப் பெல்ஜியம் வரைக்கும் போயிருக்க வேணாம். உங்க பாட்டியைக் கேட்டிருந்தா துவைக்கிற கல்லுமேலேயே பதில் சொல்லியிருப்பா. பழைய பிளாஸ்டிக் போத்தல்ல செய்யற சட்டையும் இதே சாதிதான். போத்தலா இருந்தவரைக்கும் குனிஞ்சு பொறுக்கலாம். சட்டையாயிட்டா, துவைக்கத் துவைக்கப் பொடிப்பொடியா ஆத்துல போகும், யாரால பொறுக்க முடியும்?

நாங்கல்லாம் வருங்காலத் துணி உடுத்தலேன்னு நினைக்காதே. 1823-ல கிளாஸ்கோவுல சார்லஸ் மெக்கின்டாஷ்னு ஒருத்தர் ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பரைப் பூசி, மழை புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினாரு. வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைக்கும், நாத்தம் தாங்காது. அப்படியே எங்க பால் வெட்டுச் சட்டை! மங்குல இருந்து வாளியில பாலை ஊத்தும்போது கைப்பட்டியில சிந்திச் சிந்திக் காஞ்சு, மேல மேல படிஞ்சு, கருத்து, தோல் மாதிரி ஆயிடும். கழட்டி வெச்சா சட்டைக்கை தனியா நிக்கும். நாங்க காப்புரிமைக்கு எழுதிப் போடலே, அவ்வளவுதான். இதுல ஒரு வேடிக்கை பாரு. மழைச்சட்டைக்கு ரப்பர் கொடுத்த சாதி மரம், மழை பெஞ்சா வெட்ட முடியாது. பட்டை நனைஞ்சா பால் வெட்டின கோட்டை விட்டு வழிஞ்சு வீணாப் போகும். பெரட்டுல பேர் கொடுத்துட்டு வானத்தைப் பார்த்து நிப்போம். ஊருக்கெல்லாம் மழைச்சட்டை, நமக்கு மழைன்னா சம்பளம் இல்லே.

சரி, உன் சமாச்சாரத்துக்கு வர்றேன். அன்னாசி இலையில துணி பண்ணப் போறேன்னு சொன்னதும் உங்கப்பன் சிரிச்சான். நான் சிரிக்கலே. கார்மென் ஹிஜோசான்னு ஸ்பெயின்காரம்மா, தோல் தொழில்ல கரைகண்டவங்க. பிலிப்பீன்ஸ் போனப்போ தோல் பதனிடற கஷ்டத்தையும் பார்த்தாங்க, அங்கத்து ஜனங்க அன்னாசி நார்ல நெய்யறதையும் பார்த்தாங்க. லண்டன்ல ‘அனானாஸ் அனாம்’னு கம்பெனி வெச்சு, தோலுக்குப் பதிலா ‘பின்யாடெக்ஸ்’ கொண்டு வந்தாங்க. ஒரு சதுர மீட்டருக்கு 480 இலை, அதாவது 16 செடி. 2021-ல நைக்கி அதுல சப்பாத்து போட்டது. ஆனா அது சுத்த இலைன்னு நினைச்சு ஏமாந்துடாதே. மக்காச்சோளத்துல செஞ்ச பிளாஸ்டிக்கைக் கலந்து, மேல பிசின் பூசித்தான் தோல் மாதிரி ஆக்கறாங்க. மண்ணுல புதைச்சா அப்படியே மக்கிடும்னு உன் விலைச்சீட்டுல எழுதிடாதே.

இப்போ சிம்பாங் ரெங்கத்துல நின்னு நாலு பக்கமும் பாரு. பொந்தியான், குளுவாங், மூவார், எங்க பார்த்தாலும் அன்னாசி. மலேசியாவுலேயே அதிகமா விளையறது நம்ம ஜோகூர்லதான். வேற பயிர் எதுவும் லேசுல ஒத்துக்காத புளிப்புக் கரிமண்ணுல அது ஜம்முனு வரும். லீ பைனாப்பிள் கம்பெனி 1931-லேயே வந்துடுச்சு. அன்னாசி வாரியம் ஜோகூர் பாருல இருக்கு. பெக்கான் நனாஸ்ல அன்னாசிக்கு மியூசியம்கூட உண்டு. பழத்தை லோரியில ஏத்திட்டுப் போயிடறாங்க, இலை? மறுநடவுக்கு முன்னால மருந்தடிச்சுக் காய விடறான், வெட்டி அழுக விடறான், ஆள் பார்க்காத நேரத்துல கொளுத்தறான். கரிமண்ணுல வெச்ச நெருப்பு மேல அணைஞ்சாலும் அடியில நாள்கணக்கா புகையும். 480 இலைக்கு ஒரு சதுர மீட்டர்னு லண்டன்ல கணக்குப் போட்டு விக்கறாங்க, நாம கணக்கே இல்லாம மூக்கால இழுக்கறோம்.

நம்ம ஊர்ல யாரும் யோசிக்காம இல்லே. பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவுல துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்குல்ல, அவங்க அன்னாசி இலையில நார் எடுக்கவே ஒரு மிசின் செஞ்சாங்க. பத்து பகாட்ல ராமாடெக்ஸ், புரோலெக்சஸ்னு ஊர் உலகத்து பிராண்டுகளுக்குத் தைச்சுக் கொடுக்கிற ஆலைகள் இருக்கு. இலை இங்கே, மிசின் அங்கே, தையல் அதுக்குப் பக்கத்துல. லோரி காலையில கிளம்பினா கோப்பி குடிக்க நிறுத்தி நிறுத்திப் போனாலும் மத்தியானத்துக்குள்ள மூணையும் சுத்திடலாம். அப்புறம் ஏண்டா ஜோகூர் அன்னாசிச் சட்டை கடையில தொங்கலே?

இங்கேதான் நீ உட்கார்ந்து கணக்குப் போடணும். நூறு கிலோ பச்சை இலையை மிசின்ல விட்டா ரெண்டு மூணு கிலோ நார் வரும். மீதி தொண்ணூத்தேழு கிலோ பச்சைச் சேறு. அதை எங்கே கொட்டுவே? ஒரே நாள்ல புளிச்சு, ஊரே உன்னைத் தேடி வரும். மாட்டுத் தீவனமா, எருவா அதுக்கு ஒரு வழி பண்ணாதவன் நார்த் தொழில்ல நிக்க மாட்டான். அடுத்தது, இலையை வெட்டின கையோட பச்சையா உரிக்கணும், காஞ்சா நார் வராது. வெட்டறது யாரு? மோரிஸ் ரகத்துல இலையோரம் பூரா முள்ளு. சிங்கப்பூர்ல விசைப்பலகை தட்டின உன் விரல் ஒரு வரிசைகூடத் தாங்காது. அதுக்கும் மேல, வந்த நார் விறைப்பு. கோந்தை எடுத்து, மெதுவாக்கி, பஞ்சு நீளத்துக்குக் கொண்டு வந்தாத்தான் பருத்தி நூக்கிற மிசின் அதை உள்ளேயே விடும்.

பிலிப்பீன்ஸ்ல அக்லான் பக்கம் இன்னும் கையாலதான் எடுக்கறாங்க. உடைஞ்ச பீங்கான் தட்டால இலையை வழிச்சா முரட்டு நார் வரும், அதுக்கடியில தேங்காய்ச் சிரட்டையால வழிச்சா பட்டு மாதிரி சன்ன நார். ஒவ்வொரு இழையையும் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு நீட்டித் தறியில ஏத்தணும். 2023-ல யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. அழகுதான். ஆனா அந்தத் துணி கல்யாண மாப்பிள்ளைக்கு, கட்டட வேலைக்குப் போறவனுக்கு இல்லே.

அதனால நான் சொல்றது என்னன்னா, பிராண்டு வேணாம் பேராண்டி. பேர் வைக்கவும் சணல் கயிறு கட்டவும் ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். சேத்துக்கு வழி பண்றதும், விறைச்ச நாரை மெதுவாக்கி ஆலைக்கு மூட்டை மூட்டையா அனுப்பறதும்தான் நடுவுல ஆளில்லாம கிடக்கிற வேலை. கை நாறும், போட்டோவுல நல்லா வராது, பொண்ணு வீட்ல சொல்லிக்க முடியாது. அதனாலதான் அதுல காசு இருக்கு.

ஞாயித்துக்கிழமை வந்துடு. நம்ம அன்னாசித் தோட்டக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஒரு கட்டு இலை இனாமாத் தர்றாராம். குளுகுளு பனியனைப் போட்டுக்கிட்டு வராதே, பழைய முழுக்கைச் சட்டையா எடுத்துக்க. வழிக்கறதுக்குப் பீங்கான் தட்டு ஒண்ணு உடைச்சுத் தயாரா வெச்சிருக்கேன். உங்க பாட்டி கல்யாணத்துக்கு வந்த தட்டு. போன தடவை வந்தப்போ நீதான் உடைச்சேன்னு அவகிட்ட சொல்லிட்டேன், மாத்திச் சொல்லிடாதே.