ட்ரவுட் பரணி

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனுக்கே பரணி பாட வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த இலக்கணம். யானையைக் கொன்றால்தான் பரணி, மீனைக் கொன்றால் கிடையாது என்று அவர்கள் எங்கும் தடை எழுதி வைத்ததாக அடியேன் அறியவில்லை. அந்தத் தைரியத்தில்தான், அமெரிக்க தேசத்து அரிசோனா மாநிலத்தில், கொலராடோ மாநதியின் குறுக்கே 710 அடி உயரக் கான்கிரீட் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் மகாராஜராஜஸ்ரீ க்ளென் கேன்யன் அணை அவர்களின் கீர்த்தியைப் பாடத் துணிந்தேன். பரணிக்கு வென்றவர் பெயரை வைப்பதில்லை, தோற்றவர் பெயரையே வைப்பார்கள். தோற்றவர்கள் இங்கே பலர். நீளம் கருதி ஒருவர் பெயரை மட்டும் தலைப்பில் இட்டிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள்க.

மகாராஜா முடிசூடுவதற்கு முன் அந்த நதி இருந்த அலங்கோலத்தைச் சொல்லவே நாக்கூசுகிறது. செம்மண் கரைந்து சேறாக ஓடும். குளிர்காலத்தில் உறையப் பார்க்கும், கோடையிலோ வெந்நீர்போலக் கிடக்கும். மலைப்பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் எந்த அதிகாரியின் கையெழுத்தும் இல்லாமல் தானாகவே பெருக்கெடுத்து, கரையெங்கும் மணலை வாரி இறைத்துவிட்டுப் போகும். இந்த ஒழுங்கீனத்திலேயே தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன நாட்டு மீன்கள் சில அங்கே இருந்தன. முதுகில் கூன் விழுந்த ஹம்ப்பேக் சப், கத்திபோல முதுகு கூர்ந்த ரேசர்பேக் சக்கர், ஆறடி வரை வளரக்கூடிய பைக்மினோ. கலங்கலில் பிறந்து கலங்கலில் வளர்ந்த இந்தப் பட்டிக்காட்டு ஜீவன்களுக்குத் தெளிந்த நீரின் நாகரிகம் எப்படித் தெரியும்?

1963 மார்ச் 13 அன்று கதவுகள் மூடின. சேறு முழுவதும் அணைக்குப் பின்னே தேங்கிய பவல் ஏரியின் அடியில் காணிக்கையாகத் தங்கிற்று. ஏரி நிரம்பவே 17 ஆண்டுகள் பிடித்தன, 1980இல்தான் விளிம்பு தொட்டது. கீழே ஓடும் ஆறு அன்றே பச்சைக் கண்ணாடியாயிற்று. ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்துவிடும் தண்ணீர் ஆகையால், சித்திரை வெயிலானாலும் மார்கழிக் குளிரானாலும் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி வரைதான் இருக்கும். கோடையையும் குளிரையும் ஒன்றாகப் பாவிக்கும் இந்தச் சமநிலை மகா முனிவர்களுக்கே கைகூடாதது. அதைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் நாட்டு மீன்களுக்கு இல்லை. முட்டை பொரிக்க வெதுவெதுப்பு வேண்டும் என்று அடம் பிடித்தன. பைக்மினோவும் இன்னும் சில இனங்களும் கிராண்ட் கேன்யனைவிட்டே போய்விட்டன. பிடிவாதக்காரர்களின் கதி எப்போதும் அதுதான்.

இவ்விடத்தில் மகாராஜாவின் சகோதரர், மேலே கிரீன் ஆற்றில் எழுந்தருளியிருக்கும் ஃபிளேமிங் கார்ஜ் அணையை வணங்காமல் மேலே செல்வது அபசாரம். அவருடைய கதவுகள் மூடுவதற்குச் சற்று முன்பு, 1962 செப்டம்பரில், வரப்போகும் ட்ரவுட் மீனுக்கு இடம் சுத்தம் செய்துவைக்கும் பொருட்டு, அந்த ஆற்றிலும் கிளைகளிலுமாக 400 மைலுக்கு மேல் ரோட்டினோன் என்னும் மீன்விஷத்தை ஊற்றினார்கள். விருந்தாளி வருமுன் வீட்டை மெழுகுவோம், கோலம் போடுவோம். வீட்டிலிருப்பவர்களுக்கே விஷம் வைத்து விருந்தோம்பிய பண்பாட்டை உலகம் அன்றுதான் கண்டது. டைனோசர் தேசிய நினைவுப்பகுதியின் எல்லைக்கு முன்பே விஷத்தை முறித்துவிடப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் தயாராக வைத்திருந்தார்கள். விஷத்துக்குக் கடமையுணர்ச்சி அதிகம். அது முறிய மறுத்து, எல்லையைக் கடந்து போய்த் தன் வேலையை அங்கும் செவ்வனே செய்தது.

இப்படித் தயாரான திருநாட்டில் ட்ரவுட் குடியேறிற்று. நம் நீலகிரியின் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்தார்களே, அதே வானவில் ட்ரவுட்தான். 1964இல் அணையிலிருந்து 15 மைல் கீழே உள்ள லீஸ் ஃபெரி வரையிலான நீரில் அவற்றை விட்டார்கள். குளிர்ந்த தெளிநீர், அதில் நீந்தும் இறாலைப் போன்ற சிற்றுயிர்கள், விரட்ட ஆளில்லாத ராஜபோகம். எழுபதுகளில் பத்துப் பவுண்டு மீன்கள் சிக்கின. தேசத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஈத்தூண்டில்காரர்கள் வந்து இறங்கினார்கள். பாலைவனத்தின் நடுவே பனிமலை மீன்! இதைவிட ஒரு ராஜதர்மம் உண்டா என்று அவர்கள் மகாராஜாவைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

மகாராஜாவின் உண்மையான கருணை அதற்குப் பிறகுதான் வெளிப்பட்டது.

கடலில் ஏற்றவற்றம் உண்டு. சந்திரனைக் கேட்டு ஏறுகிற, சந்திரனைக் கேட்டு இறங்குகிற பழைய பத்தாம்பசலிக் கடல் அது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் இந்த மலைப்பிளவுக்கும் மகாராஜா ஒரு ஏற்றவற்றத்தை அருளினார். இது சந்திரனைக் கேட்பதில்லை, மின்சாரத்தின் விலையைக் கேட்கும். பாலைவன நகரங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏசிகள் உறுமத் தொடங்கியதும் எட்டு டர்பைன்களும் சுழலும், ஆறு கிடுகிடுவென ஏறும். ஊர் தூங்கினால் ஆறும் ஒட்டிக் கிடக்கும். வினாடிக்கு 31,500 கன அடியிலிருந்து சில ஆயிரம் கன அடி வரை, ஒரே நாளில் சில சமயம் 13 அடி உயர வித்தியாசம். மேட்டூர்த் திறப்பை நாளிதழின் முதல் பக்கத்தில் படித்துப் பழகிய நமக்கு இதன் மகிமை சட்டென்று விளங்கும். மேட்டூரில் ஆண்டுக்கொரு முறை பூத்தூவித் திறக்கிறார்கள். இவர் தினந்தோறும், பூவும் இல்லாமல் புகைப்படக்காரரும் இல்லாமல் செய்தார். என்ன அடக்கம்!

தூண்டில்காரர்களுக்கு இதனால் விளைந்த கல்வியறிவை எடுத்துச்சொல்ல ஒரு நாக்கு போதாது. முழங்காலளவு நீரில் நின்று தூண்டிலை வீசியவர், பத்தாவது வீச்சில் இடுப்பளவு நீரிலும் இருபதாவது வீச்சில் மார்பளவு நீரிலும் நிற்கக் கண்டு, வாழ்க்கையின் நிலையாமையை உணர்ந்தார். நீச்சல் தெரியாதவர்களுக்கு அது இலவசமாகக் கற்பிக்கப்பட்டது. காலையில் கரையோரம் கட்டிய படகு மாலையில் பாறைமேல் கிடந்தது.

மீன்களுக்கும் பாடம் நடந்தது. பெண் ட்ரவுட் வாலால் கூழாங்கல்லைத் துழாவிக் குழி பறித்து, முட்டையிட்டு மூடும். அலுவலகங்கள் மூடிய சனி, ஞாயிறுகளில் மின்தேவை குறையும், ஆறும் வற்றும், குழிகள் வெயிலில் காயும். குஞ்சுகள் கரைக்குட்டைகளில் சிக்கிக்கொண்டு பறவைகளுக்கு அன்னதானமாகும். ஞாயிறு தோறும் அன்னதானம் செய்யும் மடங்கள் நம்மிடமே எத்தனை இருக்கின்றன?

1983ஐப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆண்டு பனி எதிர்பாராமல் உருகி ஏரி பொங்கிற்று. உபரிநீர்ச் சுரங்கங்களைத் திறந்தார்கள். நீரின் வேகத்தில் சுரங்கத்தின் கான்கிரீட் பிய்ந்து, பின்னால் இருந்த செம்பாறையும் பெயர்ந்து வாய்வழியே வந்து விழுந்தது. உச்சத்தில் வினாடிக்கு 90,000 கன அடிக்கு மேல் வெளியேறிற்று. அந்த இக்கட்டில் ஏரியைத் தடுத்து நிறுத்தியது எது என்று நினைக்கிறீர்கள்? மதகுக் கதவுகளின் தலையில் நான்கடி உயரத்துக்குச் செருகிய ஒட்டுப்பலகை. பல கோடி டாலர் கிரீடத்தின் உச்சியில் ஒட்டுப்பலகை மாணிக்கம் மின்னிய அந்தக் காட்சியைக் காணக் கொடுத்துவைத்தவர்கள் பாக்கியவான்கள்.

சட்டசபைக்காரர்கள் எங்கும் ஒரேமாதிரிதான். 1992இல் கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, மகாராஜாவின் அன்றாட ஏற்றவற்றத்துக்கு வரம்பு கட்டினார்கள். மகாராஜா சினங்கொள்ளவில்லை. தம்மால் கரைந்துபோன மணல்திட்டுகளைத் தாமே மீட்டுத் தர வேண்டி, செயற்கை வெள்ளம் என்னும் திருவிளையாடலைத் தொடங்கினார். பரணியில் கடைதிறப்பு என்றொரு பகுதி வரும். 1996 மார்ச்சில் உள்துறை அமைச்சர் புரூஸ் பாபிட் தம் கையாலேயே குழாயைத் திருகி அந்தக் கடைதிறப்பை நடத்திவைத்தார். வினாடிக்கு 45,000 கன அடி, ஒரு வாரம். பழைய நதி பெரும்பாலான கோடைகளில் இதைவிட அதிகமாகப் பெருகியது உண்மைதான். ஆனால் அதற்கு அமைச்சர் வரவில்லையே.

அடுத்தது களம் பாடியது. ட்ரவுட் கீழே பரவிப்போய், மிஞ்சியிருந்த கூன்முதுகு மீனின் குஞ்சுகளைத் தின்னுகிறது என்று தெரிய வந்தது. அழைத்து வந்து பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்த விருந்தாளி திடீரென்று ஊடுருவல்காரனானார். 2003 முதல் மூன்று ஆண்டுகள், குளிர்காலத்தில், ட்ரவுட் முட்டைகள் காய்ந்து போகட்டும் என்றே தினமும் ஆற்றை ஏற்றி இறக்கினார்கள். முன்பு மின்சாரத்துக்காகச் செய்து குற்றமென்று நிறுத்தியதை இப்போது விஞ்ஞானத்துக்காகச் செய்தார்கள். முட்டைகளில் ஒரு பங்கு அழிந்தது. பிழைத்தவற்றுக்கு இடமும் தீனியும் தாராளமாகக் கிடைத்துக் கொழுத்தன. அதே காலத்தில் லீஸ் ஃபெரிக்குச் சுமார் 60 மைல் கீழே, லிட்டில் கொலராடோ வந்து கலக்கும் இடத்தில், படகிலிருந்து நீருக்குள் மின்சாரம் பாய்ச்சி, ஏறத்தாழ 19,000 வானவில் ட்ரவுட்களை அள்ளினார்கள். ஆயிரம் யானைக்கே பரணி என்றால் பத்தொன்பதாயிரத்துக்கு எத்தனை பரணி! பரணியில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கும் அல்லவா, அந்தக் குறையும் வைக்கவில்லை. மீன்களை அரைத்துத் தோட்டத்துக்கு உரமாக்கினார்கள். தங்கள் புனிதத் தலத்தின் அருகே இத்தனை உயிர்களைக் கொல்லலாகாது என்று ஜூனி பழங்குடியினர் முறையிட்டார்கள். காவியச் சுவை தெரியாதவர்கள்.

2008 மார்ச்சில் மறுபடியும் செயற்கை வெள்ளம். நோக்கம் மணல். விளைவு? வெள்ளம் கூழாங்கற்களை அலசிச் சுத்தம் செய்துவிட, ட்ரவுட் குஞ்சுகள் முன்னெப்போதும் இல்லாத அளவில் பிழைத்துப் பெருகின. உரமாக்கி ஒழித்ததை வெள்ளம் விட்டு வளர்த்தார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் ஊரில் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஒரே கரத்தால் இரண்டையும் ஏககாலத்தில் செய்வது எவ்வளவு பெரிய வித்தை என்று அவர்கள் யோசித்ததில்லை. பெருகிய மீன்களுக்குப் பிறகு தீனி போதவில்லை, இளைத்தன. ஏற்றவற்றத்தில் கரையோரப் பூச்சிமுட்டைகள் காய்ந்து, மீனுக்குத் தீனியான பூச்சியினமே குன்றிவிட்டதே காரணம் என்று அறிஞர்கள் கண்டுபிடிக்க, 2018 முதல் சில கோடைகளில் சனி, ஞாயிறு மட்டும் ஆற்றைத் தாழ்த்தி அசையாமல் வைத்து, கொசுவினும் சிறிய பூச்சிகளுக்கு வாரவிடுமுறை வழங்கினார் மகாராஜா. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரால் கொன்றவரே ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரால் காத்தார்.

பின்னர் வறட்சி வந்தது. ஏரி இறங்கி இறங்கி, வெயிலில் காய்ந்த மேல்நீர் டர்பைன் வாயருகே வந்தது. 2022இல் வெளியேறிய நீர் 20 டிகிரியைத் தாண்டிற்று. குளிர்நீர் மீனுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தது போலாயிற்று. ஏரியிலிருந்த ஸ்மால்மவுத் பாஸ் என்னும் கொள்ளைக்கார மீன் டர்பைன் வழியாகவே உயிரோடு இறங்கி, அணைக்குக் கீழே ஒரு தேங்குநீர்க் குட்டையில் குடும்பம் நடத்தத் தொடங்கிற்று. அந்தக் குட்டையில் அதிகாரிகள் ஊற்றியது ரோட்டினோன். மாதம் செப்டம்பர். சகோதரர் கிரீன் ஆற்றில் ஊற்றியதற்குச் சரியாக அறுபது ஆண்டுகள். சஷ்டியப்த பூர்த்தியை இவ்வளவு துல்லியமாகக் கொண்டாடும் ஆசாரசீலர்களை நம் கும்பகோணத்திலும் காண்பது அரிது.

2023 ஏப்ரலில் மீண்டும் வெள்ளம் விட்டார்கள். விட்ட பிறகு பார்த்தால், விட்ட குழாய்களின் உட்புறமே அரித்துப் போயிருந்தது. கொடுத்துக் கொடுத்துக் கை தேய்ந்த வள்ளல் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அன்று ரசீதோடு கண்டோம்.

லீஸ் ஃபெரிக்குப் போகும் அன்பர்கள் தவறாமல் மகாராஜாவின் தரிசனம் பெற்று வரவும். பழுப்பு ட்ரவுட் சிக்கினால் திரும்ப விட்டுவிட வேண்டாம். அதுவும் இப்போது வேண்டாத விருந்தாளி. தலைக்கு 25 டாலர் என்று 2020இல் பூங்காத் துறை பரிசுத் திட்டம் தொடங்கிற்று, தலையையும் குடலையும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்றார்கள். வானவில் ட்ரவுட்டை என்ன செய்வது என்பதை அந்த வாரத்து உத்தரவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும். ஆற்றில் இறங்குவதற்கு முன் எதிரே உள்ள பாறையில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் ஏசி போட்டதும் தண்ணீர் அங்கே வந்துவிடும்.