கோம்பைக்காரப் பூசாரிக்குக் கனடா மாற்றல்

ஹனோவர், ஜெர்மனி
ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை பிராங்க்பர்ட்ல பிளேன் ஏத்திவிட்டுட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். துபாய் வழியா நாளைக்கு மதுரையில இறங்கும். உசிலம்பட்டி, தேனி, போடி தாண்டி அது தேவாரம் வந்து சேர்றதுக்குள்ள நீ இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சுரு. போன்ல சொல்லலாம்னா நீ எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் பேசுவ. பக்கத்துல உன் மாமியார் மொச்சை உரிச்சுக்கிட்டே காதை இங்கிட்டு நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாக. அதான் எழுத்துல அனுப்புறேன். படிச்சதும் அழிச்சுரு.

மொதல்ல எது நான் சொன்ன பொய், எது நீ சொன்னதுன்னு பிரிச்சுக்குவோம். பின்னால சண்டை வரக் கூடாது.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேத்திட்டு உடனே எனக்குப் போன் போடும். அங்க ஆறுன்னா இங்க கோடையில மதியம் ரெண்டரை, குளிர்காலத்துல ஒன்றரை. "விளக்கேத்துனியாடி?"ன்னு கேக்கும். வெயிலு மண்டையைப் பொளக்குற நேரத்துல எந்த விளக்கை ஏத்துறது? சரி, பொழுது சாஞ்சதும் ஏத்துவோம்னா ஜூன் மாசத்துல இங்க பொழுது சாயறதுக்கு ராத்திரி ஒன்பதே முக்கால் ஆகும். ஒரு நாள் ஆசையா சாம்பிராணி போட்டேன். இங்க சட்டப்படி படுக்குற அறையில எல்லாம் கூரையில புகை அலாரம் மாட்டியிருக்கணும். அது அலறுன அலறல்ல கீழ்வீட்டுப் பாட்டி நைட்டியோட படியேறி வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் அம்மா கேட்டப்ப, "பக்கத்துல கோயில் இருக்குல்ல, அங்கயே ஏத்திட்டு வந்துட்டேன்"னேன். அம்புட்டுத்தான் என் கணக்கு.

மிச்சமெல்லாம் உன் கைவேலை. என்ன கோயில்னு அம்மா கேட்டுச்சு. "அம்மன் கோயில்"னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம். வீரபாண்டிக் கௌமாரியேதான்ன. நாலு வீடு தள்ளித்தான்ன. வாசல்ல வேப்பமரம் நிக்குதுன்ன. ஜனவரியில ஐஸ் கட்டுற ஊருல வேப்பமரம்! அதோட விட்டியா? பூசாரி நம்ம கோம்பைக்காரரு, அம்பது வயசிருக்கும், நெத்தியில வெட்டுத்தழும்புன்ன. தழும்பு எதுக்குக்கா? தழும்பு யாரு கேட்டா?

உன் திறமை எனக்குத் தெரியாதா? 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள்ள வந்து 144 போட்டாகல்ல, அப்ப போடியில நடந்த காதுகுத்துக்குப் போகாம இருக்க "யானை ரோட்டை மறிச்சு நிக்குது"ன்னு சொன்னவ நீ. நம்ம ஊருக்குக் கம்பம் தெக்க, போடி வடக்க. ஒருத்தரும் கேக்கல. ஜூன் அஞ்சாந்தேதி அதை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோன பிறகும், ஆடி மாசம் வரைக்கும் நீ அதைக் கம்பத்துலயே நிறுத்தி வச்சு நாலு விசேஷத்துக்கு மொய் மிச்சம் பண்ணுன.

ஆனா யானைக்குச் சொந்தக்காரங்க கெடையாது. பூசாரிக்கு இருக்காக. அதை நீ யோசிக்கல.

அம்மா இதைத் தெருப்பூரா சொல்லிருச்சு. தெருவுல இருந்து அது கோம்பைக்குப் போயிருச்சு. அங்க ஒரு பெரியவர், வெளிநாடு போறேன்னு தன்கிட்ட முப்பதாயிரம் கைமாத்து வாங்கிட்டு ராவோட ராவா காணாமப் போன ஆளுக்கும் இதே வயசு, இதே நெத்தி, இதே தழும்புன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு. அப்பா தென்னந்தோப்பை விட்டு வரமாட்டேன்னுட்டாருல்ல, அதனால அம்மா தனியாத்தான் விசா வாங்கிக் கிளம்புச்சு. எனக்கு வேலை நிரந்தரமானா ஆயிரங்கண் பானை எடுக்குறதா வேண்டுதலாம். "வீரபாண்டிக்குப் போம்மா, தேனி பக்கத்துலதான இருக்கு"ன்னேன். "அதே கௌமாரி உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும்போது இங்க எதுக்கு எடுக்கணும்?"னு கேட்டுச்சு. நியாயந்தான.

பிராங்க்பர்ட் சுங்கத்துல அம்மா பெட்டியைத் திறந்தாக. ரெண்டு நூல் சேலைக்குள்ள பானை. உடம்பெல்லாம் ஓட்டை. ஆபீசர் அதைத் தூக்கி லைட்டுக்கு நேரா பிடிச்சு, ஒரு ஓட்டை வழியா என்னைப் பாத்தாரு. என்னன்னு கேட்டாரு. பூந்தொட்டின்னேன். இத்தனை ஓட்டை எதுக்குன்னாரு. அதிகம் தண்ணி ஆகாத செடின்னேன். அவரும் செடி வளக்குறவர் போல, தலையை ஆட்டிட்டு விட்டுட்டாரு. பானைக்கு அடியில ஒரு பாலிதீன் உறை. உள்ள புரோநோட்டு ஜெராக்ஸ். கோம்பைப் பெரியவர் குடுத்துவிட்டிருக்காரு, பூசாரிகிட்ட காட்டி வசூல் பண்ணிட்டு வரச் சொல்லி! நம்ம அம்மா சாமி கும்பிட மட்டும் வரலக்கா, கடன் வசூலுக்கும் வந்திருக்கு.

வந்த மறுநாளே "கோயிலுக்குப் போவோம்"னுச்சு. மழைன்னேன். அடுத்த நாள் அம்மனுக்கு வர்ணம் பூசுறாங்கன்னேன். உனக்கு மெசேஜ் போட்டா நீ "பூசாரி செத்துட்டாருன்னு சொல்லிரு"ன்ன. சொல்லியிருந்தா அம்மா மாலையோட துக்கம் கேக்கக் கிளம்பியிருக்கும்.

கொஞ்ச நாள் அம்மாவோட கவனத்தைத் திருப்புனது பாட்டில்தான். இங்க பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வாங்குனா 25 சென்ட் டெபாசிட் பிடிச்சுக்குவாங்க. காலி பாட்டிலைக் கடையில ஒரு மிஷின் வாயில குடுத்தா அது விர்ருன்னு உள்ள இழுத்து, சுத்திப் பாத்து, நசுக்கி, சீட்டுக் குடுக்கும். அம்மா மனசுலயே கணக்குப் போட்டுருச்சு. ஒரு பாட்டில் இருபத்தஞ்சு ரூபா! மறுநாள்ல இருந்து பார்க்குக்கு வாக்கிங் போகும்போது மஞ்சப்பையோட போச்சு. நான் வேலை பாக்குற எடத்துச் சூப்பர்வைசர் அங்கதான் நாயோட ஓட வருவாரு. ஒரு நாள் அவரே பாதி குடிச்ச பாட்டிலை வச்சிருந்தாரு. அம்மா அவரு பக்கத்துல போய், குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை தனிப் பாடு. இங்க அன்னிக்குக் கடை கிடையாது, சத்தமும் ஆகாது. ஆணி அடிச்சாக்கூடப் பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அம்மா காலையில ஏழு மணிக்கு மிக்ஸியில இட்லிக்கு மாவு ஆட்டிருச்சு. கீழ்வீட்டுப் பாட்டி மறுபடி வந்துச்சு. அம்மா கதவைத் திறந்து, வாய் பேசாம, ஏலக்கா போட்ட கேசரி ஒரு கிண்ணம் நீட்டுச்சு. பாட்டி மோந்து பாத்துட்டு கிறிஸ்துமஸ்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. இங்க கிறிஸ்துமஸ் கேக்குலதான் ஏலக்கா போடுவாங்க. இப்ப ரெண்டும் ஒட்டி உறவாயிருச்சு. பாட்டிக்கும் கௌமாரி கோயில் எங்க இருக்குன்னு தெரியணுமாம்.

இதுக்கு மேல தாக்குப் பிடிக்க முடியாதுன்னு தேடுனப்பதான் ஹம் ஊர்க் கோயில் தெரிஞ்சது. ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல கும்பாபிஷேகம் ஆனது. எண்பதுகள்ல சண்டைக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழ் ஆளுக கட்டுனது. ஐரோப்பாவுல இருக்குற பெரிய கோயில்கள்ல ஒண்ணு. கோபுரமே பதினேழு மீட்டர். வருஷா வருஷம் கோடையில தேர். என்ன ஒண்ணு, நாலு வீடு தள்ளி இல்ல. இங்கிருந்து ஏறக்குறைய 175 கிலோமீட்டர். தேவாரத்துல இருந்து மதுரை போய்ச் சேர்ந்துட்டுப் பாதி வழி திரும்பி வந்த தூரம்.

அம்மாகிட்ட, "தேருக்காக அம்மனை வேற ஊருக்கு எழுந்தருளப் பண்ணியிருக்காங்க"ன்னேன். அது உடனே நம்பிருச்சு. சாமி ஊர்விட்டு ஊர் போறது நம்ம பக்கம் பழக்கந்தான.

இந்த வருஷம் மாசம் 58 யூரோ குடுத்தா நாடு பூரா சாதா ரயில்ல எங்க வேணும்னாலும் போகலாம்னு ஒரு டிக்கெட் இருக்கு. வேக ரயில்ல ஏற முடியாது. அதுல மின்டன்ல மாறி, ஹம்ல இறங்கி, பஸ் பிடிச்சுப் போனோம். அம்மா மடியில பானை. பானைக்குள்ள "வேப்பிலை". வேப்பமரம் பனியில பட்டுப்போச்சுன்னு சொல்லி, பார்க்குல ஒரு மரத்துல ஒடிச்சுக் குடுத்திருந்தேன். ஈர்க்குல ரெண்டு பக்கமும் வரிசையா, ஓரமெல்லாம் பல்லு பல்லா, பாக்க அசல் வேப்பிலை. ரயில்ல அம்மா ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டுச்சு. மென்னுச்சு. என்னைப் பாத்துச்சு. "கசக்கலையே?" "குளிர்ல கசப்பு குறைஞ்சிரும்மா"ன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிருச்சு.

கோயில் இருக்குறது தொழிற்பேட்டைக்குள்ள. சுத்திலும் கிடங்கும் ஆலையும். நடுவுல திடீர்னு சிவப்பும் வெள்ளையுமா சுவரு, அதுக்கு மேல கோபுரம். ஆயிரக்கணக்குல ஜனம். காவடி, நாதஸ்வரம், தேங்கா உடைச்ச தண்ணி ரோட்டுல ஓடுது, ஜெர்மன் போலீஸ்காரர் அதுக்குள்ள பூட்ஸோட நிக்கிறாரு. அங்கிட்டு ஒரு பெரிய கால்வாய். அம்மனைத் தீர்த்தவாரிக்கு அதுக்குத்தான் கொண்டுபோவாங்களாம். அம்மா கால்வாயைப் பாத்துட்டு, "நம்ம 18-ஆம் கால்வாய்ல வருஷம் பூரா இப்படி முட்டத் தண்ணி போனா உங்கப்பா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காரு"ன்னுச்சு.

பானையை எடுத்துத் தலையில வச்சு மூணு சுத்து சுத்தி வந்துச்சு. கூட்டத்துல அழுதேன்கா, அதை மட்டும் பொய்னு நெனைக்காத. அப்புறம் கிட்டப் போய் அம்மனை உத்துப் பாத்துச்சு.

"இது காமாட்சியில்ல?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பக்கத்துல நின்ன யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தவுக, "ஓமம்மா, காமாட்சிதான். நீங்கள் எவடம்?"னு கேட்டாங்க. அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிச்சுப்போச்சு. தேவாரம்னுச்சு. தெரியலைன்னாங்க. "இளையராஜா ஊரு பண்ணைப்புரத்துக்குப் பக்கம்"னுச்சு. அவ்வளவுதான், சுத்தி பத்துப் பேர் கூடிட்டாங்க. நம்ம அம்மா உடனே, "அவுக வீட்டுத் திண்ணையில உக்காந்து நான் மோர் குடிச்சிருக்கேன்"னு ஆரம்பிச்சிருச்சு! எனக்குத் தெரிஞ்சு பண்ணைப்புரத்துல அம்மா குடிச்ச ஒரே வஸ்து பஸ் ஸ்டாப் டீ. நமக்கு இந்தக் கை எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் புரோநோட்டை எடுத்து, கோம்பைக்காரப் பூசாரி எங்கன்னு கேட்டுச்சு. அப்பிடி ஒருத்தரும் இல்லையேன்னாங்க. நான் குறுக்க விழுந்து, "அவருக்குக் கனடாவுக்கு மாத்தல் ஆயிருச்சும்மா"ன்னேன். வி.ஏ.ஓ.வுக்கு மாத்தல் வர்ற மாதிரி சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. புரோநோட்டை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, தேர் போன ரோட்டுல கிடந்த பாட்டிலைப் பொறுக்க ஆரம்பிச்சிருச்சு. பழைய பாட்டில் வித்து வச்சிருந்த காசை உண்டியல்ல போட்டது தனிக்கதை.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். திரும்பி வர்ற ரயில்ல நான் கண் அசந்த மாதிரி இருந்தேன். அம்மா வாட்ஸ்அப்ல கோம்பைப் பெரியவருக்குப் போன் போட்டுச்சு. "பாத்துட்டேன்யா. கனடாவுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாரு, கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். ஆளு நல்லா செவந்துட்டாரு. தழும்பு இருக்கு. தைக்குள்ள முப்பதாயிரத்தையும் அனுப்பிருவாராம்"னு சொல்லுச்சு. நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஏம்மான்னு கேட்டா, "வசூல் பண்ணித் தர்றேன்னு வழிச்செலவுக்கு ரெண்டாயிரம் வாங்கிட்டேன்டி. வெறுங்கையா போனா அதைத் திருப்பிக் கேப்பாரு"ங்குது. ரெண்டாயிரத்தைக் காப்பாத்த முப்பதாயிரம்! அதோட, "கோயில் நாலு வீடு தள்ளித்தான்னே ஊர்ல சொல்லிக்கிறேன். மூணு வண்டி மாறுனோம்னா உன் அக்கா மாமியார் சிரிக்கும்"னுச்சு. எம்புட்டுத் தெரிஞ்சு வச்சிருக்குன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத.

பெரியவர் மருமகன் டொராண்டோவுல இருக்கானாம். நேர்லயே போய் வாங்கிக்கச் சொல்றேன்னு எந்த ஊருன்னு கேட்டாரு. அம்மா என் முகத்தைப் பாத்துச்சு. நான் வான்கூவர்னு சைகை காட்டுனேன். டொராண்டோவுல இருந்து அது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அதனால நீயும் வான்கூவர்னே சொல்லு. தழும்பைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசாத. வேப்பமரம் பட்டுப்போச்சு. அம்மனுக்குப் பேரு காமாட்சி, வீட்டுல கூப்பிடுற பேரு கௌமாரி.

தைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. முப்பதாயிரத்துல பாதி நான், பாதி நீ. தழும்பு உன்னோடதுங்கிறதால நியாயமா நீதான் கூடப் போடணும், போனாப் போகுதுன்னு விடுறேன். என் பங்கை மார்கழிக்குள்ள உன் அக்கவுண்டுக்கு அனுப்பிருவேன். மாமா பாத்துட்டு என்ன பணம்னு கேட்டா சீட்டுப் பணம்னு சொல்லு. எந்தச் சீட்டுன்னு கேட்டா என்கிட்ட கேக்கச் சொல்லு, அதுக்குள்ள நான் யோசிச்சு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி

பின்குறிப்பு: கீழ்வீட்டுப் பாட்டி டிசம்பர்ல தேவாரம் வருதாம். அம்மா கூப்பிட்டிருக்கு. கம்பத்துல யானை நிக்குதுன்னு நீ ஏதாவது சொல்லி வை.