இரண்டாவது செட்டர் யார்?

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே பெங்களூரு பீன்யாவிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும். தொழிற்பேட்டைத் தமிழர்கள் கிரிக்கெட்டை ஓரங்கட்டிவிட்டு வாலிபாலைப் பற்றி, அதிலும் பெண்கள் அணியின் செட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஐ.பி.எல். முடிந்துவிட்டது போலிருக்கிறது.

கேள்வி: தேசியப் பெண்கள் அணிக்கு செட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? ஆறு பேரில் ஒருத்திதானே!
*(லேத் ஆபரேட்டர், பீன்யா முதல் ஸ்டேஜ்)*

ஆறு பேரில் ஒருத்திதான். ஆனால் ஓர் அணி பந்தை மூன்று முறைதான் தொடலாம். அதில் நடுவிலுள்ள தொடுதல், அதாவது அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது, பெரும்பாலும் அவளுடையது. அட்டாக்கர் ஒருத்தி அன்றைக்குச் சொதப்பினால், அவளிடம் பந்து போகாமல் பார்த்துக்கொள்ளலாம். செட்டரே சொதப்பினால் பந்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கேள்வி: எங்கள் ஷாப்பில் சி.என்.சி. செட்டர் லீவு போட்டால் நாலு மெஷின் படுத்துவிடும். வாலிபாலிலும் அப்படித்தானா?
*(ஆபரேட்டர், பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்)*

அதேதான். ஆபரேட்டர் மாறினால் கொஞ்சம் உற்பத்தி குறையும். செட்டர் மாறினால் ஆஃப்செட்டே மாறிப்போகும். முதல் பீஸ் சரியாக விழும்வரை வருவதெல்லாம் ஸ்கிராப். மைதானத்தில் அந்த ஸ்கிராப்பை எதிரணியின் கணக்கில் பாயிண்டாக எழுதுவார்கள். 25 பாயிண்டுக்குள் செட்டிங் சரியாகாவிட்டால் செட்டே போச்சு.

சென்டர் பிளாக்கருக்குப் போடும் குயிக் பந்தைக் கவனித்துப் பாருங்கள். செட்டரின் கையிலிருந்து பந்து கிளம்பும்போது அடிக்கிறவள் ஏற்கெனவே காற்றில் இருப்பாள். அவள் பந்தைத் தேடிப் போவதில்லை, பந்துதான் அவள் உள்ளங்கையைத் தேடி வர வேண்டும். நாலு விரல்கடை தாழ்ந்தால் வலையில் விழும், தாமதித்தால் பிளாக்கில் மாட்டும். இந்தப் பழக்கம் இரண்டு பேருக்குள் மாதக்கணக்கில் ஊறி வருவது. அவசரத்துக்குக் கடையில் வாங்க முடியாது.

கேள்வி: அப்படியானால் நாலைந்து செட்டர்களை அழைத்துப்போக வேண்டியதுதானே?
*(பேக்கிங் பிரிவு ஊழியர், தாசரஹள்ளி)*

ஒலிம்பிக் அணியில் 12 பேருக்குத்தான் இடம். பொதுவாக அதில் இரண்டு பேர் செட்டர்கள். மூன்றாவது செட்டருக்கு டிக்கெட் எடுத்தால் ஓர் அட்டாக்கரை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். 2024 பாரிஸில், காயத்துக்கு மாற்றாக 13-ஆவதாக ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். பயிற்சியாளர்களுக்கு அதனால் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். ஆக, ஒருத்திக்குக் கால் பிசகினால் மிச்சம் இருப்பது ஒருத்திதான். அந்த ஒருத்தி யார் என்பதுதான் உண்மையான தேர்வு. முதல் செட்டரைத் தேர்வுக் குழு இல்லாமலேகூட ஊர் சொல்லிவிடும்.

கேள்வி: அடித்து ஆடுபவர்களுக்குத்தானே அடிபடும்? பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்களுக்கு என்ன வந்தது?
*(டூல் ரூம் ஊழியர், ஜாலஹள்ளி கிராஸ்)*

காயம் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது விரல். செட்டரின் பிழைப்பே பத்து விரல் நுனியில் இருக்கிறது. பிளாக் போடும்போது எதிரணியின் அடி நேராக விரலில் பட்டால் பிசகும், முறியும். இரண்டாவது கணுக்கால். நடுக்கோட்டின் மேல் பாதத்தில் கொஞ்சமாவது இருந்தால், மீதியை எதிர்ப்பக்கம் நீட்டுவது குற்றமில்லை என்கிறது விதி. அதனால் வலையடியில் இரு அணிப் பாதங்களும் சட்டப்படியே சந்திக்கின்றன. குதித்து இறங்குகிறவர் இன்னொருவர் ஷூ மேல் இறங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. மூன்றாவது முழங்கால். இப்போதெல்லாம் செட்டர்கள் நின்றுகொண்டே தூக்குவதில்லை, முடிந்த பந்துக்கெல்லாம் குதிக்கிறார்கள். ஏ.சி.எல். லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் திரும்பி வர ஒன்பது மாதமாவது ஆகும். தேர்வுக் குழுவின் கூட்டம் அதுவரை காத்திருக்காது.

கேள்வி: பெரிய போட்டியின் நடுவில் முதல் செட்டருக்கு அடிபட்ட கதை உண்டா?
*(மெட்ரோவில் வந்துபோகும் வாசகி, பீன்யா)*

உண்டு. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு கதை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். லீக் சுற்றில் ஜப்பானுடன் ஆடியபோது பிரேசிலின் மாக்ரிஸுக்குக் கணுக்கால் போனது. இரண்டாவது செட்டர் ராபர்ட்டா இறங்கினார். இரண்டே நாளில் ரஷ்ய அணியுடன் ஆடிய அமெரிக்காவின் ஜோர்டின் போல்ட்டருக்கும் அதே கணுக்கால் தகராறு. அமெரிக்கா அந்த ஆட்டத்தை 0-3 எனக் கோட்டைவிட்டது.

அடுத்து காத்திருந்தது இத்தாலி. பயிற்சியாளர் கார்ச் கிராலி இரண்டாவது செட்டர் மைக்கா ஹான்காக்கை இறக்கினார். இடதுகைக்காரர், அவர் சர்வீஸைப் பார்த்தாலே ரிசீவ் பண்ணுகிறவர்களுக்கு வியர்க்கும். ஐந்து செட் இழுத்து 3-2 என அமெரிக்கா வென்றது. பிறகு போல்ட்டர் திரும்பி வந்தார். மாக்ரிஸும் வந்தார். இறுதிப் போட்டியில் மோதியது யார் தெரியுமா? இந்த இரண்டு அணிகள்தான். 3-0 என வென்று அமெரிக்கப் பெண்கள் முதல் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தார்கள். சிறந்த செட்டர் விருது போல்ட்டருக்கு.

நான் இதில் பார்ப்பது விருதை அல்ல. இரண்டு அணிகளிலும் கணுக்கால் வீங்கிய நாட்களில் ஆட்டத்தை நடத்த ஆள் இருந்தது. பெஞ்சில் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை அவர்கள்.

கேள்வி: அப்படியானால் ஹான்காக்குக்கு அடுத்த ஒலிம்பிக்கில் சிவப்புக் கம்பளம் விரித்திருப்பார்களே?
*(பவுடர் கோட்டிங் தொழிலாளி, பீன்யா மூன்றாம் ஸ்டேஜ்)*

இல்லை. 2022 டிசம்பரில், இத்தாலியின் நோவாரா கிளப்புக்கு ஆடியபோது போல்ட்டரின் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. ‘இனி ஹான்காக் காலம்’ என்று நீங்களும் நானும் எழுதியிருப்போம். பாரிஸுக்குப் போனது தேறி வந்த போல்ட்டரும் லாரன் கார்லினியும். ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் தேர்வாகாத கார்லினிக்கு 29 வயதில் அதுதான் முதல் ஒலிம்பிக். அந்தப் பட்டியலில் ஹான்காக் இல்லை. தேர்வுக் குழுவின் சிலபஸில் நன்றிக்கடன் என்ற பாடம் இல்லை. இருக்கவும் கூடாது. ஆனால் கதவைச் சாத்தியபின் எட்டு வருஷம் தட்டிக்கொண்டே இருந்த கார்லினி மாதிரி ஒருவர் இருந்தால்தான் குழுவுக்கே தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும்.

கேள்வி: விரலில் கட்டுப் போட்டுக்கொண்டே ஷிஃப்ட் பார்த்தவன் நான். வலியை மறைத்து ஆடுவது வீரம்தானே?
*(பிரஸ் ஷாப் ஊழியர், பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்)*

உங்கள் கட்சிக்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒருவர் இருக்கிறார். ஜப்பானின் யோஷியே தகெஷிதா. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் இடதுகை ஆள்காட்டி விரலில் எலும்பு முறிவு. செட்டருக்கு ஆள்காட்டி விரல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 34 வயதில் அந்த விரலோடு ஆடினார். தென் கொரியாவை 3-0 என வென்று வெண்கலம். ஜப்பான் பெண்களுக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒலிம்பிக் பதக்கம். விரல் விஷயம் வெளியே வந்தது பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகு.

வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று: மறைத்து ஆடி ஜெயித்தவர் கதை பத்திரிகைக்கு வரும். மறைத்து ஆடி, பாதியில் சுருண்டு, அணியையும் கவிழ்த்து, கையையும் கெடுத்துக்கொண்டவர் கதையை யார் அச்சடிப்பார்கள்? ‘ஆட முடியுமா?’ என்று ஆட்டக்காரியைக் கேட்டால் ‘முடியும்’ என்றுதான் சொல்வாள், நான்கு வருஷத் தவம் அது. அந்தக் கேள்வியை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கும் அதுதான் பதில். அடுத்த முறை விரல் கட்டோடு பிரஸ் பக்கம் போகாதீர்கள், சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் 158 செ.மீ. செட்டராக ஆசை. உயரம் போதாது என்கிறார்கள்.
*(தாய், நாகசந்திரா)*

அம்மா, மேலே சொன்ன தகெஷிதாவின் உயரம் 159. அதே லண்டன் அணியில் இரண்டாவது செட்டராக இருந்த ஹிதோமி நகமிச்சியும் 159. அமெரிக்காவின் போல்ட்டர் 188. நடுவில் 29 செ.மீ., ஏறக்குறைய பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம்.

பொய் சொல்லி ஊக்கப்படுத்த மாட்டேன். பெண்கள் வலை 2.24 மீட்டர். சுழற்சியில் மூன்று முறை உங்கள் மகள் முன்வரிசைக்கு வருவாள். அப்போது எதிரணி அவள் தலைக்கு மேலேதான் அடிக்கும். அந்த நஷ்டத்தை அவள் வேறு இடத்தில் ஈடுகட்ட வேண்டும்: மோசமான ரிசீவையும் ஓடிப் பிடித்து நல்ல பந்தாக்குவது, பின்வரிசையில் விழுந்து எடுப்பது, சர்வீஸில் தொல்லை கொடுப்பது. உயரம் குறைந்தவளுக்கு வேலை அதிகம், வாசல் பூட்டியில்லை.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் அடிபட்டு, ஆறு மாற்றும் தீர்ந்துபோயிருந்தால்?
*(நடுவர் தேர்வு எழுதப்போகும் இளைஞர், பீன்யா)*

தேர்வில் வரும், குறித்துக்கொள்ளுங்கள். முறையான மாற்றுக்கு வழியில்லை என்றால் ‘விதிவிலக்கு மாற்று’ உண்டு. பின்வரிசைத் தடுப்பாட்டத்துக்கென்றே இருக்கும் லிபரோவும் அந்நேரம் லிபரோவுக்காக வெளியே இருப்பவரும் தவிர, களத்துக்கு வெளியே உள்ள யாரும் இறங்கலாம். அடிபட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. அதற்கும் ஆள் இல்லையென்றால் தேறிக்கொள்ள மூன்று நிமிடம், ஒரே ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்தில் ஒரு முறை மட்டும். ‘லிபரோவே செட் பண்ணட்டும்’ என்று யோசிப்பீர்கள். முன்வரிசைப் பகுதியில் நின்று அவர் விரலால் தூக்கிய பந்தை வலைக்கு மேல் உயரத்தில் அடிக்கக் கூடாது. விதிகளை எழுதியவருக்கு உங்கள் யோசனை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

கேள்வி: இரண்டாவது செட்டரை எப்படித் தயாராக வைத்திருப்பது? பெஞ்சில் உட்கார்ந்தே துரு ஏறிவிடாதா?
*(மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், பீன்யா)*

பாரிஸில் தங்கம் வென்ற இத்தாலியைப் பாருங்கள். முதல் செட்டர் அலெஸ்ஸியா ஓர்ரோ. அவர் முன்வரிசைக்கு வரும்போது அங்கே அட்டாக்கர்கள் இரண்டு பேராகக் குறைவார்கள். அந்த நேரத்தில் பயிற்சியாளர் ஹூலியோ வெலாஸ்கோ இரட்டை மாற்று செய்வார். ஓர்ரோவுக்குப் பதில் முன்வரிசையில் அடிக்க அன்ட்ரோபோவா. பின்வரிசையில் அட்டாக்கர் பாவ்லா எகோனுவுக்குப் பதில் இரண்டாவது செட்டர் கார்லோட்டா கம்பி. சில பாயிண்டுகள் கழித்துப் பழைய ஜோடி திரும்பிவிடும்.

பலன் இரட்டிப்பு. முன்வரிசையில் மூன்று பேர் அடிக்கலாம். கம்பிக்கோ தினமும் சூடான ஆட்டத்தில் பத்து நிமிடம் கிடைக்கிறது. ஓர்ரோவுக்குக் கால் பிசகியிருந்தாலும் அட்டாக்கர்களுக்குக் கம்பியின் பந்து புதிதாக இருந்திருக்காது. காயம் வந்த பிறகு இரண்டாவது செட்டரைத் தேடுவது வைத்தியம். காயம் வருமுன்பே அவளை ஆடவைப்பதுதான் தேர்வு.

கேள்வி: உலகம் சுற்றியது போதும். நம் இந்தியப் பெண்கள் அணி?
*(தேசபக்தர், ராஜகோபால நகர்)*

2019-ல் காத்மாண்டுவில், நேபாளத்தை அதன் சொந்த ரசிகர்களுக்கு நடுவே ஐந்து செட்டில் வென்று தெற்காசியப் போட்டித் தங்கம் எடுத்தார்கள். ஆசிய விளையாட்டில் ஆண்கள் 1958, 1962, 1986 என மூன்று பதக்கம் வைத்திருக்கிறார்கள். பெண்கள் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.

செட்டர் வளம் இல்லாத நாடு என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டையே பாருங்கள். 2018 ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய மோகன் உக்கிரபாண்டியன் ஒரு செட்டர். 2023 பிரைம் வாலிபால் கோப்பையை அகமதாபாத்துக்கு வாங்கிக் கொடுத்த கேப்டன் முத்துசாமி அப்பாவு ஒரு செட்டர். இறுதியில் தோற்றது பெங்களூரு, பீன்யா மன்னிக்க.

முத்துசாமியும் மற்றவர்களும் ஒரு சீசன் முழுக்க வெளிநாட்டு அட்டாக்கர்களுக்குப் பந்து போட்டுப் பழகினார்கள். அந்த லீக் ஆண்களுக்கானது. நம் பெண்களுக்கோ தேசியப் போட்டி, ரயில்வேயும் கேரளாவும் திரும்பத் திரும்ப மோதும் அந்த இறுதி, அப்புறம் முகாம். முதல் செட்டருக்கே ஆட்டங்கள் போதாத இடத்தில் இரண்டாவது செட்டருக்கு என்ன மிஞ்சும்? அவள் முகாமில் சுவருக்கு எதிரே தூக்கிப் பழகுகிறாள். சுவர் ஒருநாளும் தாமதமாகக் குதிப்பதில்லை. அட்டாக்கர் குதிப்பாள்.

கேள்வி: தேர்வுக் குழுவில் உங்களைப் போட்டால்?
*(விஷமக்காரர், முகவரி இல்லை)*

முதலில் ஒரே கிளப்பில் ஆடிப் பழகிய செட்டர்–சென்டர் பிளாக்கர் ஜோடி ஒன்றாவது அணியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டாவது செட்டர் கடந்த மூன்று தொடர்களில் எத்தனை பாயிண்ட் ஆடினாள் என்ற கணக்கைப் பயிற்சியாளரிடம் கேட்பேன். மருத்துவர் கையெழுத்தில்லாத பெயரைப் படிக்கவே மாட்டேன். மாநிலத்துக்கு ஒருத்தி என்று சிபாரிசுக் கடிதம் வந்தால் திருப்பி அனுப்புவேன். இதற்குப் பிறகு என்னைக் குழுவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், அன்றே ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருப்பேன்.

கேள்வி: எல்லாவற்றையும் செட்டர் செய்ய, ஆட்ட நாயகி விருது மட்டும் அட்டாக்கருக்கே போகிறதே, நியாயமா?
*(கடுப்பான முன்னாள் செட்டர், பீன்யா)*

டோக்கியோவில் ஜோர்டன் லார்சன், பாரிஸில் பாவ்லா எகோனு. இருவரும் அடிப்பவர்கள்தான், உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் 2006 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறாவதாக வந்த அணியின் செட்டருக்கு மொத்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரி விருது கொடுத்தார்கள். பெயர் தகெஷிதா. போட்டி நடந்தது ஜப்பானில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், ஆட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள் எப்போதாவது பரிசுக் குழுவிலும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.