கட்-ஆஃப் ஜோசியர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் யாரும் யாரையும் "சாப்டாச்சா?" என்று கேட்பதில்லை. "கட்-ஆஃப் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். பதில் வந்த அடுத்த நொடியே, எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது என்று தீர்ப்பும் வந்துவிடும். இதற்குத் தனிப் படிப்பு எதுவும் வேண்டாம். சொந்தக்காரராக இருந்தால் போதும்.

2025-இல் இந்தத் திருவிழா அக்கா வீட்டில் நடந்தது. அக்கா மகளுக்குக் கணக்கில் 97, இயற்பியலில் 96, வேதியியலில் 95. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி. 97, 48, 47.5, ஆக மொத்தம் 200-க்கு 192.5. அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் அசையவில்லை. "அந்த அரையை முழுசாக்க மாட்டாங்களாடா?" என்று என்னைக் கேட்டாள்.

முதலில் வந்தவர் அத்தானின் தம்பி. "நூத்தித் தொண்ணூத்திரண்டரைதானா? நான் அந்தக் காலத்துலயே இருநூத்தி எழுபத்தெட்டு" என்றார். வீடே வாயடைத்துப் போனது. அவர் காலத்தில் நுழைவுத்தேர்வையும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள் என்பதை நான்தான் சபையில் எடுத்துச் சொன்னேன். 200-க்கு மாற்றிப் பார்த்தால் அவருடையது 185 சொச்சம். அன்றிலிருந்து மனிதர் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்து மாடி வீட்டுக்காரர், போன வருடப் பட்டியலோடு வந்தார். பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்த பட்டியல். "போன வருஷம் இதே மார்க்குக்கு இந்தக் காலேஜ் வந்துது" என்று விரலை வைத்தார். நேற்று ரேஷன் கடையில் ஏழு பேர்தான் நின்றார்கள் என்று சொல்லி இன்றைக்குப் பையோடு கிளம்புகிற மாதிரிதான் இது. 200-க்கு 200 எடுத்தவர்கள் 2024-இல் 65 பேர். 2025-இல் 144 பேர். மார்க் அதே மார்க்தான், முன்னால் நிற்கும் கூட்டம்தான் வேறு. போதாததற்கு, கட்-ஆஃப் என்பது ஒன்றல்ல. கல்லூரிக்குக் கல்லூரி, பாடத்துக்குப் பாடம், பொதுப்பிரிவு 31 சதவீதம், மீதி 69 சதவீதத்தில் வகுப்புக்கு வகுப்பு வேறு வேறு. மாடி வீட்டுக்காரர் விரல் வைத்தது எந்தப் பத்தியில் என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நிஜமான சண்டை சமநிலை விதியால் வந்தது. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் என்றால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தும் சமமாகவே இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. இதைப் படித்ததும் அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். சிசேரியனுக்கு நட்சத்திரம் சரியில்லை என்று இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னவர் அவர். "அன்னிக்கே எடுத்திருந்தா எம் பொண்ணு ரெண்டு நாள் பெரியவ" என்றாள் அக்கா. பதினேழு வருடம் கழித்து அந்த வீட்டில் பிரசவ வலி மறுபடி ஆரம்பித்தது.

பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். கம்ப்யூட்டர் கொடுக்கிற பத்து இலக்கம். அத்தான் அதைக் கூட்டிப் பார்த்து, "ஏழு வருது, கேது" என்று இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்றார்.

இத்தனைக்கும் நடுவில், கவுன்சலிங் லிஸ்டில் எதைப் போடுவது என்று கட்சி வேறு பிரிந்துவிட்டது. "கிண்டி கேம்பஸ்னா எந்தக் கோர்ஸா இருந்தாலும் போடு" என்பது ஒரு கட்சி. "காலேஜை விடு, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சோறு போடும்" என்பது எதிர்க்கட்சி. கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸை லிஸ்டில் போடவே கூடாது, ஒரு சாய்ஸ் வீணாகிவிடும் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒற்றுமை.

அக்கா மகள் அதைத்தான் முதலில் போட்டாள். "மாமா, கம்ப்யூட்டர் லிஸ்டை மேலேருந்துதான் பார்த்துட்டு வரும். இல்லைன்னா அடுத்தது. எத்தனை வேணும்னாலும் போடலாம். கேக்குறதுக்கு என்ன காசா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் சொன்னதில்தான் முழுக் கவுன்சலிங்கும் இருக்கிறது. கிடைக்குமா என்று அந்த கம்ப்யூட்டர் யாரையும் கேட்பதே இல்லை. என்ன வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறது. அதற்கு வேண்டியது ஆசைப் பட்டியல். நாங்கள் ஆறேழு பெரியவர்கள் சேர்ந்து அதில் ஜாதகம் எழுதப் பார்த்தோம்.

கிடைத்தது கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ். "அது என்னது?" என்று வீடே முழித்தது. அந்தக் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. நிலத்தை அளக்கிற படிப்புதான் அங்கே மூத்த பிள்ளை என்றேன். மூத்த பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமியாருக்குத் திருப்தி. அத்தானின் தம்பியும் மாடி வீட்டுக்காரரும், "நான் அப்பவே சொன்னேனே" என்று தனித்தனியாக ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எதிர்வீட்டு அம்மா பையனின் மார்க் ஷீட்டோடு வந்தார். காலாண்டு மார்க்கிலேயே கட்-ஆஃப் போட்டு, 188 என்று ஓரத்தில் எழுதியிருந்தது. ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் அதை வாங்கிப் பார்த்தாள். ஆசைப்படி வரிசையாகப் போடச் சொல்லப் போகிறாள் என்று பெருமையோடு காத்திருந்தேன்.

"நான் 192.5 ஆன்ட்டி. எனக்கே ஜியோதான் வந்துது. இதுக்குக் கிண்டி கஷ்டம்" என்றாள்.