தில்லி வண்டிக் கூவலும் தமிழ்ச் செவியும்: ஒரு முன்னாய்வு

1. முன்னோர்: எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கிவிட்டார். அது கேட்பவர் மண்டைக்குள் போய் என்ன பாடுபடும் என்பதைப் பெருந்தன்மையோடு எங்களுக்கு விட்டுவைத்தார். 1953இல் காலின் செர்ரி, இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார். மறு காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடப் பலருக்கு உறைக்கவில்லை. அதே காதில் சொந்தப் பெயரைச் சொன்னால் மூன்றில் ஒருவர் பிடித்துக்கொள்கிறார் என்றார் மோரே (1959). இச்சோதனைகளில் மாமிகள் எவரும் சேர்க்கப்படவில்லை.

2. களம்: மயூர் விஹார், மூன்றாம் மாடித் தமிழ் மாமி வீடு, காலை.

3. கூவல்: பழைய பேப்பர்காரர் கூவல் எளிது, விடுவோம். காய்கறி வண்டிக்காரரோ மெய்யெழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டு உயிரை மட்டும் வெளியே விடுகிறார். குக்கர் விசில், சீரியல் அழுகை, சம்பந்தியின் போன் மூன்றையும் தாண்டி அது மாமிக்கு எட்டுகிறது. எட்டுவதோடு, கீரை நேற்றையது என்பதும் தெரிந்துவிடுகிறது (காண்க: மூன்றாம் மாடி மாமி, 'பால்கனி உரை', ஒப்புநோக்குக: அதே மாமி, அதே உரை, விலையேற்றத்துக்குப் பின் திருத்திய பதிப்பு, மறுப்பு: நான்காம் மாடி மாமி, 'மாடிப்படிச் சொற்பொழிவுகள்', தொகுதி 2. முதல் தொகுதி, பேச்சுவார்த்தை நின்றபோது தொலைந்தது).

இதே கூவலைப் பதிவுசெய்து ஒலியியல் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தோம். அலைவரைபடத்தோடு நாற்பது பக்கம் எழுதித் தந்தார். விற்றது உருளையா வெங்காயமா என்பது மட்டும் 'மேலாய்வுக்குரியது'.

4. மூளை: இருவர் ஒரே நேரத்தில் பேசினால், கவனிக்கப்படுபவர் பேச்சே செவிப்புறணியில் தூக்கலாகப் பதிகிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம் மெஸ்கரானியும் சாங்கும் 2012இல் கண்டது இது. மாமிக்கு மின்முனை பொருத்த அனுமதி கேட்டோம். "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும், போடா" என்றார்.

5. எதிர்முனை: 1964இல் லிஸ்கரும் ஏப்ரம்சனும் பதினொரு மொழிகளின் வெடிப்பொலிகளை அளந்தார்கள். இந்திக்கு நான்கு வகை. தமிழுக்கு அத்தனை இல்லை. ஆகவே காலிஃபிளவரின் இந்திப் பெயரான 'கோபி'யை மாமி 'கோப்பி' என்றே கேட்கிறார். வண்டிக்காரரும் தயங்காமல் காலிஃபிளவரையே எடுக்கிறார். அவர் மூளையை ஆராய எந்தக் கருத்தரங்கும் இன்னும் அழைப்பு அனுப்பவில்லை.

6. நிதித் தேவை: கயிறு ஒன்று, கூடை ஒன்று. கொசுறுக் கொத்தமல்லி இல்லாமல் ஒத்துழைப்பதில்லை என்று மாமி எழுத்துமூலம் தெரிவித்துள்ளார்.