இரண்டாவது 'தும்' எங்கே போச்சு?

கள்ளக்குறிச்சிப் பக்கம் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி என்றால் பாராட்டெல்லாம் பாடகருக்கு, திட்டெல்லாம் மைக் செட்காரருக்கு. டிரம்ஸ்காரருக்கு இரண்டும் கிடையாது. அவருக்குக் கிடைப்பது ஒரு செங்கல். பெடலை மிதிக்க மிதிக்க பேஸ் டிரம் தார்ப்பாயின் மேல் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அது பாடகியின் முந்தானையை எட்டிப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்த முட்டு.

கூட்டம் பார்ப்பது கைகளை. சூட்கேஸைக்கூட விட்டுவைக்காமல் தட்டிக் கைதட்டல் வாங்கிய டிரம்ஸ் சிவமணிக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சியும் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. டிரம்ஸ்காரரின் வலது காலுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நள்ளிரவுக்கு மேல் "குத்துப்பாட்டு போடுங்கண்ணே" என்று குரல் வந்துவிட்டால், பாதிச் சுமை அந்தக் காலின் மேல்தான். ஒரே காலால், ஒரே பெடலில், ஒட்டினாற்போல் இரண்டு அடி விழவேண்டும்: 'தும்தும்'. புதிதாகப் பழகுகிறவர் முழங்காலைத் தூக்கி இரண்டு தடவை உதைக்கிறார். முதல் 'தும்' ஜம்மென்று விழும். இரண்டாவது வருவதற்குள் பாட்டு சரணத்துக்குப் போய்விடும்.

தொடையோடு சேர்த்து முழுக்காலையும் அவ்வளவு வேகமாகத் தூக்கிப் போட யாராலும் ஆகாது. அதற்கு அவசியமும் இல்லை. பெடலின் அடிகோலான பீட்டர் தோலில் பட்டதும் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். பாதம் மிதிக்கும் பலகையும் மேலே எழும்பும். எழும்பும் பலகையைப் பாதம் வழியிலேயே மறித்து மறுபடி அனுப்பினால் அதுதான் இரண்டாவது அடி. முதல் அடியோடு பீட்டரைத் தோலில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது.

மறிப்பதற்கு ஒரு வழி, வழுக்கு. குதிகாலைத் தூக்கிப் பலகையின் நடுவில் ஓர் அடி. உடனே பாதம் சற்று முன்னே வழுக்கி இன்னோர் அடி. சொல்ல எளிது. கோயில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால், வியர்த்த வெறுங்கால் உலோகப் பலகையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பவுடர் போட்டால் வழுக்கும். தாராளமாகப் போட்டால் ஆளே வழுக்குவார்.

இன்னொரு வழி குதிகால் ஓர் அடி, முன்பாதம் ஓர் அடி. இதைக் கடைத்தெருத் தையல்காரர் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். என்ன, அவருடைய மெஷினில் சக்கரம் இருக்கிறது. கால் சற்றுச் சோம்பினாலும் சுற்றிய வேகம் இழுத்துக்கொண்டு போகும். டிரம்ஸ்காரருக்கு ஸ்பிரிங்கை விட்டால் நாதியில்லை.

1909-ல் சிகாகோவில் வில்லியம் லுட்விக் வேகமான பெடல் ஒன்றைச் செய்ததும் இதே அவஸ்தையால்தான்: அப்போதைய பெடல்கள் ராக்டைம் இசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அறுபது வருடம் கழித்து, 1969-ல் வந்த லெட் செப்பலின் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் அதன் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹாம் ஒற்றைப் பெடலில் அடித்த அடியைக் கேட்டவர்கள், இரண்டு பேஸ் டிரம் என்றே சத்தியம் செய்தார்கள்.

கல்வராயன் மலையில் கச்சேரி என்றால் சோதனை இன்னும் பெரிது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு வேன் வளைந்து வளைந்து ஏறி முடிப்பதற்குள் பெடலின் நட்டும் போல்ட்டும் ஆளுக்கொரு பக்கம் தளர்ந்திருக்கும். ராத்திரிக் குளிர் வேறு. பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிவிடலாம். டிரம்ஸில் 1957 வாக்கிலேயே பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டதால் அதற்குத் தீயும் வேண்டாம். விறைத்துப்போன கெண்டைக்காலுக்குத்தான் ஒருவரும் தீ மூட்டுவதில்லை.

இரட்டைப் பெடல் வாங்கினால் இடது காலும் கைகொடுக்குமே என்று ஒரு டிரம்ஸ்காரர் குழுத் தலைவரிடம் மெல்ல ஆரம்பித்தார். தலைவர் பேமெண்ட் எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னார்: "வாங்கிக்கப்பா. அப்புறம் காலுக்கொரு பேட்டா கேட்கக் கூடாது."